மெழுகுக் கால்

சேசு மரி சூசை துணை.

பனித்திட்டில் உன் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்ட என் மனைவிக்கு,

நான் வடித்த சோற்றை நாய்கூட முகர்ந்துவிட்டுப் போகிறது.

நம் தனிஸ்லாஸ் நடக்க வேண்டுமென்று நேர்ந்து வாங்கிய மெழுகுக் கால், அவனைப் புதைத்த பிறகும் துணிப் பெட்டியிலேயே கிடந்தது. சூம்பிய காலோடு தவழும் பக்கத்து வீட்டு செலின் மேரிக்காக அதை வில்லியனூர் மாதாவிடம் வைத்தேன்.

"இது பையன் காலாச்சே மாமா" என்றாள் செலின்.

"மாதாவுக்கு இன்னா தெரியப்போவுது, வுடுடி."

நேற்று அவள் சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். தன் செபம்தான் பலித்ததென்று அவள் அம்மா கிணற்றடியில் அளக்கிறாள். எல்லாம் தேவ சித்தம் என்கிறார் பங்குச் சாமியார்.

மாதாவுக்குக் காது கேட்காது என்றிருந்தவரை எனக்கு அழுகை வரவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று இப்போது நம்புகிறேன். அதுதான் தாங்கவில்லை.

வந்துவிடு. தனியாக நம்ப முடியவில்லை.

இப்படிக்கு,
வெந்நீரையும் தீய்க்கும் உன் கணவன்