பன்னிரண்டாவது குண்டு

மதுக்கரை,
புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை.

கண்ணு அன்புக்கரசிக்கு, அப்பா வாயால் சொல்லச் சொல்ல எதிர்வீட்டுத் தையல்காரி பாத்திமுத்து எழுதுவது. இங்கே நானும் ஆடுகள் இரண்டும் சுகம். அந்தக் குளிர் ஊரில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். மழை இன்னும் இறங்கவில்லை, மேற்கே கருக்கிறது, காற்று தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. இப்போதுதான் தினமும் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு, சைக்கிளில் பெடல் சுற்றும் கிராங்க் ஆடுகிறதென்று புது அச்சு, கப்பு, இரண்டு டஜன் பால்ரஸ் குண்டு எல்லாம் வாங்கிவந்து வாசலிலேயே நானே மாட்டினேன். மாட்டி முடித்தால் பெடலைக் கையால் அழுத்தினாலும் அரைச் சுற்றுக்கு மேல் வரமாட்டேன் என்கிறது. அந்த நேரம் பார்த்து நீ கூப்பிட்டாய். சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, மழை உண்டுங்களா. அம்மா போனபிறகு நமக்குள் ஞாயிற்றுக்கிழமைக்கு இந்த மூன்று கேள்விதானே, நான்கு நிமிஷம். அவள் இருந்தபோது ஒரு மணி நேரம் பேசுவாய், கடைசியில் அப்பா நல்லா இருக்காருங்களா என்பாய், அவளும் இருக்காரு என்று வைத்துவிடுவாள். அன்று நான்காவதாகச் சொல்ல ஒன்று கிடைத்ததே என்று, கிராங்க் இறுகிப்போச்சு கண்ணு என்றேன்.

மோட்டார் சத்தத்தைக் கேட்டுப் பழுது சொல்வதுதான் உன் பிழைப்பு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. செயினைக் கழட்டிப்போட்டு சுத்திப் பாருங்கப்பா என்றாய். கழற்றியும் அப்படியேதான். மறுநாள் நீயே கூப்பிட்டு, கப்பைக் கால் சுத்து லூசு பண்ணுங்க என்றாய். அச்சு ஆடியதே தவிர இறுக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் போனை பிரேமோடு ஒட்டி வைக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஏனுங்கப்பா, பக்கத்துக்கு எத்தன குண்டு போட்டீங்க?" என்றாய். காசு கொடுத்து வாங்கியதை எதற்கு மிச்சம் வைப்பது என்று பன்னிரண்டு பன்னிரண்டாகத் திணித்தேன் என்றேன். நீ சிரித்தாயே கண்ணு! அம்மா போன நாளிலிருந்து உன் சிரிப்பை அன்றுதான் கேட்டேன். "பதினொண்ணுதானுங்கப்பா, உருள எடம் வேண்டாமுங்களா? டவுன் பஸ்சுல ஆள் ஏத்துற மாதிரி ஏத்திப்போட்டீங்களே" என்றாய்.

மறுநாள் காலையில் பக்கத்துக்கு ஒன்றை எடுத்தேன். ஒரு தட்டுத் தட்டினதும் பெடல் தானாக ஆறேழு சுற்று ஓடியது. சாயங்காலம் நீ கேட்டபோது, இன்னும் கழட்டல கண்ணு என்று சொல்லிவிட்டேன். சரியாகிவிட்டது என்றால் நாளைக்கு எதற்குக் கூப்பிடுவாய், அதுதான். அதிலிருந்து பத்து நாள். ஸ்பேனர் இரவல் போயிருக்கிறது என்றது பொய். கை வலி என்றதும் பொய். இந்தப் புதன்கிழமை நான் மூச்சு வாங்குவதைக் கேட்டு, அவ்வளவு டைட்டுங்களா, ரொம்ப அழுத்தாதீங்கப்பா என்றாயே, அப்போது சந்தைக்குச் சைக்கிள் மிதித்துப் போய்வந்து அதன் மேலேதான் உட்கார்ந்திருந்தேன்.

இந்தப் பத்து நாளில்தான் நீ சோறு உண்ணும்போது பேச்சுத் துணைக்கு டிவியைப் போட்டு வைப்பதைச் சொன்னாய். அம்மா கைப் பச்சைப்புளி ரசம் உனக்கு வரவில்லை என்றாய். முப்பத்திநாலு வருஷத்தில் இதெல்லாம் நீ என்னிடம் சொன்னதில்லை. அவள் அதில் ஒரு துண்டு வெல்லம் போடுவாள், உன்னிடம் சொல்லாமலே விட்டிருக்கிறாள், போட்டுப் பார்.

நேற்று நீ, சைக்கிள் கடைக்கே கொண்டுபோங்க, நானே கடைக்காரருகிட்டப் போன்ல பேசுறேனுங்க என்றதும் இனி மறைக்க வழியில்லை என்று ஆகிவிட்டது. பாத்திமுத்துவிடம் சொன்னேன். "ஏனுங்கண்ணா, பொய் சொல்ல வேற எடமே கெடைக்கலைங்களா, பால்ரஸ் குண்டுலயா சொல்லுவீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதையும் எழுது என்றேன், எழுதுகிறாள்.

இன்று காலையில் அந்த இரண்டு குண்டையும் திரும்ப உள்ளே போட்டுவிட்டேன். கிராங்க் இப்போது நிஜமாகவே இறுகிக் கிடக்கிறது. உன்னிடம் சொன்னது இனிப் பொய்யில்லை. தைப்பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கிறேன் என்றாயல்லவா, வந்து உன் கையாலேயே எடுத்துப்போடு. அதுவரை சந்தைக்கு நடந்துகொள்கிறேன், இரண்டு மைல்தான். லீவு கிடைக்காவிட்டால் மனசு சங்கடப்படாதே. எடுங்கப்பா என்று போனில் ஒரு வார்த்தை சொல், எடுத்துவிடுகிறேன். அதற்கப்புறமும் கூப்பிடு சாமி. எதுவும் பழுதாகாத நாளிலும் கூப்பிடு.

காதை மூடித் துணி கட்டாமல் வெளியே போகாதே. மருதமலையான் உன்னை நோய் நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். கைரேகை வைக்க மை தேடவில்லை, காலையில் ஒட்டின கிரீஸ் விரலில் அப்படியே இருக்கிறது.

உன் அப்பா,
வெள்ளியங்கிரி
(இடது கைப் பெருவிரல்)