சூடம் அணைத்து வாங்கிய மோட்டார்

9-1-1936
வாடகைக்கு ஓட்டப் பழைய மோட்டார் ஒன்று பார்க்க மதுரைக்குப் போனேன். சேக் இஸ்மாயில் என்பவருடைய பட்டறை. வண்டியைக் காட்டிவிட்டு அதன் குறையையும் அவரே சொல்கிறார். "தண்ணி ஒழுகும், மேட்டுல திணறும். ரெண்டு வாரம் பொறுங்கண்ணே, சரிபண்ணித் தாரேன்." தன் சரக்கைத் தானே குறை சொல்கிறவன் வேறு எதையோ மறைக்கிறான் என்றுதானே அர்த்தம்? கிளம்பும்போது, "எங்க வாங்குனாலும் திறந்து பாத்து வாங்குங்க. கூப்பிட்டா நானே வாரேன்" என்றார். இவருக்கு எதற்கு இவ்வளவு அக்கறை?

12-1-1936
என் மனைவி ஒச்சாயியின் கூடப்பிறந்த அண்ணன் மலைச்சாமி திருமங்கலத்தில் பழைய மோட்டார் விற்கிறார். ஒன்றை ஓட்டிக் காட்டினார். சத்தமே இல்லை. கருப்பசாமி கோயிலில் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியமும் செய்தார். "கருப்பு சாட்சியா ஒரு குறையும் இல்ல, மாப்ள." அதற்குப் பிறகு திறந்து பார்க்கிறேன் என்றால் சாமியையும் நம்பவில்லை, பெண் கொடுத்த வீட்டையும் நம்பவில்லை என்றாகிவிடும். சரியென்று தலையாட்டினேன்.

17-1-1936
மாடு இரண்டையும் விற்றாயிற்று. ஒச்சாயி சீராகக் கொண்டுவந்தவை. பொங்கலுக்குக் கொம்பில் பூசிய வர்ணம்கூட உதிரவில்லை. ஏருக்கும் வண்டிக்கும் அவைதான் இருந்தன. இனி மோட்டார்தான் சோறு போட வேண்டும்.

19-1-1936
வண்டி வந்தது. தெருவே கூடி நின்று பார்த்தது.

29-1-1936
ஆனையூருக்குக் கல்யாண வீட்டாரை ஏற்றிப் போனேன். பாதி வழியில் கியர் பெட்டிக்குள் கடமுடவென்று சத்தம். நின்றது, நின்றதுதான். மாப்பிள்ளையின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெயிலில் நடந்தார். இனி என்னை எவன் கூப்பிடுவான்?

30-1-1936
கட்டி இழுத்து இஸ்மாயில் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பெட்டியைத் திறந்தார். உள்ளே மரத்தூள்! பல் தேய்ந்த கியர் சத்தம் போடாமல் இருக்க எண்ணெயோடு கலந்து அடைப்பார்களாம். பத்து நாள் தாங்குமாம். வேறு பெட்டி மாட்ட எனக்கு வக்கில்லை. "அன்னைக்கே சொன்னேனே" என்று அவர் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

31-1-1936
மச்சான் வீட்டு வாசலில் நின்று கத்தினேன். "நான் சூடம் அணைக்கயில வண்டி ஓடுச்சா இல்லியா? ஓட்டத் தெரியாதவன் கையில குடுத்தது என் தப்பு" என்கிறான். பாவி, நாசமாப் போவான்! சாமியையே ஏமாத்துறவனுக்கு நான் எம்மாத்திரம்?
"எங்கண்ணன் பொய்ச் சத்தியம் பண்ணாது" என்று நேற்றுவரை அடித்துச் சொன்ன ஒச்சாயியிடம் மரத்தூளைக் காட்டினேன். வாங்கி அடுப்பில் போட்டாள். குப்பென்று எரிந்தது.

4-2-1936
வண்டி ஓடாமல் வாசலில் கிடக்கிறது. யாரும் கூப்பிடவும் இல்லை.

16-2-1936
இருப்பதை இருக்கிறபடி விற்றுவிடலாம் என்று சொல்லி வைத்திருந்தேன். வாடிப்பட்டியிலிருந்து தவசி என்று ஒருவர் வந்தார். மாடு விற்று மோட்டார் வாங்க வந்தவர்தான் அவரும். மரத்தூள்வரை எல்லாவற்றையும் சொன்னேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இம்புட்டுக் குறை சொல்லி எவன்ணே விப்பான்? நான் மலைச்சாமி அண்ணன்கிட்டயே பாத்துக்கிறேன்" என்றார். "திறந்து பாத்து வாங்குங்க" என்று பின்னாலேயே ஓடினேன். "அவர் சூடம் அணைச்சுத் தாராராம்ல. அதுக்கு மேல என்னத்தத் திறந்து பாக்க?"
திரும்பி வந்து வண்டியைச் சாக்குப் போட்டு மூடினேன்.

23-2-1936
காலையில் மாலை போட்ட மோட்டாரில் தவசி எங்கள் தெரு வழியாகப் போனார். என்னைப் பார்த்து ஹாரன் அடித்தார். ஒச்சாயி வாசலுக்கு வந்து காது கொடுத்துக் கேட்டாள்.
"சத்தமே இல்லியே" என்றாள்.
"வாங்குனப்ப நம்மளதும் சத்தம் போடல."
கதவைப் பிடித்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினாள். பத்தோடு நிறுத்திவிட்டாள்.