பலகையில் இல்லாத ஐவர்

அண்ணை,

இன்று காலை காட்சிக்கூடத்தைத் திறந்தபோது தார் மணம் முகத்தில் அடித்தது. அந்தப் பாய்மரப் போர்க்கப்பலின் மாதிரிக்குப் பக்கத்தில் புதுக் கயிறு சுற்றி வைத்திருக்கிறார்கள். கப்பலோட்டிகளின் ஊரான வல்வெட்டித்துறையில் பிறந்த நீங்கள் மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டு, "தார் காணாது, இன்னும் பூசோணும்" என்றிருப்பீர்கள்.

தேம்ஸ் கரையிலுள்ள இந்தச் சின்ன அருங்காட்சியகத்தில் நாம் இருவரும் காவலுக்கு நின்ற பதினொரு வருடமும், அந்தக் கப்பலின் சேவை வரலாறு நமக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகையாகத் தொங்கியது. எந்தக் கடலில் என்ன சண்டை, எந்தத் தளபதி, கடைசியில் எங்கே உடைத்தார்கள், எல்லாம் இருந்தது. திருகோணமலையில் தங்கிய காலத்துக்கு மட்டும் ஒரே வரி: 'பழுதுபார்ப்பு. உயிரிழப்பு இல்லை.'

நீங்கள் அதை நம்பவில்லை. லீவு நாட்களில் ஆவணக் காப்பகத்துக்குப் போய்க் கப்பலின் ஆள்பதிவேட்டைத் தேடிப் படித்தீர்கள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பிரதியெடுத்த தாளை என் முன்னால் விரித்தீர்கள். திருகோணமலையில் ஏற்றிய ஐந்து பேர். வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி கிறுக்கிய பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே 'இறந்தான்' என்று இருந்தது.

"வாசிச்சுப் பாருங்கோ தங்கச்சி. இது முத்து. இது வேலன். எங்கட ஆக்கள்."

மேலாளரிடம் காட்டினீர்கள். அந்த ஐவரும் கடற்படை மாலுமிகள் இல்லை, கூலியாட்கள்தான், பலகையை மாற்ற முடியாது என்றார். அன்று பின்னேரமே அந்த மாதிரிக்கு முன்னால் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் ஐந்து பெயரையும் சொல்லத் தொடங்கினீர்கள். எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

"விடுங்கோ அண்ணை, பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு வருசம்தானே" என்றேன்.

"அகதியா வந்திறங்கேக்க என்ர பேரையும் பிழையாத்தான் எழுதினாங்கள். நான் உயிரோட நிண்டு திருத்தினன். அந்த அஞ்சு பேருக்கும் ஆர் திருத்துறது?"

உங்களை வெளியே கார் தரிப்பிடத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் மழையில் நின்று சொன்னீர்கள். மாசியில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனீர்கள். உங்கள் சவப்பெட்டிக்கு முன்னால் எனக்கு அழுகையைவிடக் கோபமே வந்தது. பெரும்பாலும் என் மீது. ஒருநாளாவது உங்கள் பக்கத்தில் நின்று நான் வாய் திறக்கவில்லையே.

அடுத்த திங்கட்கிழமை அந்த மாதிரிக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தேன். அன்றிலிருந்து சொல்லி வருகிறேன். போன கிழமை மேலாளர் கூப்பிட்டு, "நீங்களுமா?" என்றார்.

"ஓம், நானும்தான்."

தமிழிலேயே சொல்லிவிட்டு வந்தேன். எனக்கும் கடிதம் வந்திருக்கிறது. இனிமேல் பேசமாட்டேன் என்று கையெழுத்துக் கேட்டார்கள். போடவில்லை, போடவும் மாட்டேன்.

பலகை இன்னும் மாறவில்லை அண்ணை. உங்கள் துணிச்சல் முழுவதும் எனக்கு வரவுமில்லை. ஆட்கள் கூடும்போது உங்கள் தாளைப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் ஒரு பெயரைக்கூட இதுவரை விட்டதில்லை.