தேயாத ரூபாய்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எழில் அக்காவின் கல்யாணக் கொலுசுக்காக, பூஜை டப்பாவில் இருந்த மூன்று வெள்ளி ரூபாயையும் உருக்கப் போகிறார்கள். மூன்றும் 1840, விக்டோரியா ராணி. கடையில் துரைசாமி ஆசாரி ஒன்றை மட்டும் விரலால் தள்ளிச் சிரித்தார். "மூஞ்சியே தேஞ்சிபோச்சி. இத வெச்சிகினு இன்னாம்மா பூஜ பண்ண?"

அம்மாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 6

என் கிளாஸ் மெஹக்கிடம் லென்ஸ் வாங்கி வந்தேன். ரூபாயின் பின்பக்கம் பொறித்த இலை மாலையில் குட்டிக் காய்களை எண்ணினேன். இரண்டில் முப்பத்து நான்கு. ஆசாரி தள்ளியதில் முப்பத்தைந்து! வேறு அச்சு அது.

ராணியின் காதுக்கு மேல் முடி மொழுக்கென்றுதான் இருக்கிறது. ஆனால் தேய்ந்திருந்தால் எழுத்துகளும் சேர்ந்து தேய்ந்திருக்காதா? அவை கூர்மையாக நிற்கின்றன. மொழுக்கான இடமும் வழவழப்பாக இல்லை, சொரசொரப்பு. அதற்கு நேர் பின்பக்கமும் மங்கல். அடித்த அன்றே அச்சு முழுதாக இறங்கவில்லை - அவ்வளவுதான்.

தேயவில்லை. தேயவே இல்லை.

ஆகஸ்ட் 8

அம்மா புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அழுக்கோடு கொடுத்தால் ஆசாரி எடையில் கழிப்பாராம். இரண்டில் பழைய மெருகே போய்விட்டது, கண்ணாடி மாதிரி மின்னுகின்றன. மூன்றாவதைப் பிடுங்கிக்கொண்டேன்.

"கல்யாண வூட்ல இன்னாடி அடம்?"

"எல்லாரும் பாக்காமயே சொல்றீங்கம்மா."

ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்திருக்கிறேன். அடித்தாலும் தரமாட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அப்பா தோல் கம்பெனியில் செலக்டர். தோலைத் தரம் பிரிப்பவர். "குடு" என்றார். கொடுக்கவில்லை.

"தோல்ல கீறல் இருந்தா, ஆடு மேயும்போது பட்டதா, மெஷின்ல பட்டதான்னு பாக்காம ஒதுக்குவியாப்பா?"

 அப்பா கையை நீட்டியபடியே நின்றார். லென்ஸையும் சேர்த்துக் கொடுத்தேன்.

தோலைப் பார்ப்பதுபோலவே வாசலில் நிழல் வெளிச்சத்துக்குப் போனார். சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கட்டைவிரலால் தடவப் போனார்.

"தொடாதப்பா. ஓரத்தப் புடி."

பிடித்தார். பின்பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொழங்கி வந்த கொற இல்ல. செய்யும்போதே வந்தது" என்றார். உள்ளே திரும்பி அம்மாவிடம், "ரெண்டு போதும்."

அம்மா என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும்.

செப்டம்பர் 7

அக்கா புகுந்த வீட்டிலிருந்து வந்திருக்கிறாள். கொலுசில் சலங்கை கம்மி என்று அவள் மாமியார் கேட்டார்களாம். "என் தங்கச்சி ஒரு ரூபாய வுடல அத்த. அது தேயலயாம்" என்றாளாம்.

அம்மா என்னை முறைத்தாள்.

"எங்க, காட்டு" என்றாள் அக்கா. லென்ஸோடு எடுத்து வந்தேன். நான் சொல்லாமலே ஓரத்தைப் பிடித்தாள்.