வாசலில் கழற்ற வேண்டிய நாடாக்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நான் பின்னி அனுப்பிய நாடாவை நீ ஒரு நாள்கூடக் கழுத்தில் போட்டதில்லை. அம்மாவுக்கு நீ அனுப்பும் ஆபீஸ் போட்டோக்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன், எல்லாவற்றிலும் உன் ஐடி கார்டு கம்பெனி கொடுத்த நீல நைலானில்தான் தொங்குகிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம் என்று நினைக்காதே, கோபம் வேறொன்றில், அதற்கு வருகிறேன். முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன், உடம்பு எப்படி இருக்கிறது, முதுகுவலி விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. இங்கே அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியாயிற்று, ஒரு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மறுகன்னத்தால் என்னைத் திட்டுகிறாள், ஆகவே தேறிவருகிறாள் என்றுதான் அர்த்தம். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. எழுத உட்கார்ந்த பிறகும் எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு வந்தேன், அது மூடித்தான் இருந்தது. “ஒரு இடத்துல உக்காருங்களேன், பாக்கற எனக்குத் தலை சுத்துது” என்கிறாள் அம்மா.

இந்தப் பின்னல் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும், ஷட்டர் விழுந்து என் கை நசுங்கியபோது விரல் மடங்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் இரண்டு ஊசியும் நூலும் கொடுத்தார்கள், விரல் மடங்கிவிட்டது, ஊசியைத்தான் விட முடியவில்லை. தொப்பி, பெல்ட், போன் பை என்று பின்னித் தள்ளியதைப் பார்த்து உன் அத்தை, “அண்ணே, எத்தனாவது மாசம்” என்று கேட்டாளே. ஆனால் வாசலில் நாடா பின்ன ஆரம்பித்த கதையை உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. நான் வாட்ச்மேனாக நிற்கும் ஆபீஸ் கட்டடத்தில் நிரந்தர ஆட்களுக்கு நீல நாடா, ஒப்பந்த ஆட்களுக்குச் சாம்பல் நாடா. சாம்பல் நைலான் வேர்வையில் ஊறி என் கழுத்தை அறுத்துப் புண்ணாக்கியது, சூப்பர்வைசரிடம் சொன்னேன், “பவுடர் போடுங்க பெரியவரே” என்றார். அதனால் பருத்தி நூலில் நானே ஒன்று பின்னிக்கொண்டேன். முதல் நாடா ஓரம் சுருண்டு குழாயாகிவிட்டது. இரண்டாவது இழுபட்டு இழுபட்டு, வாரக் கடைசியில் கார்டு தொப்புளுக்குக் கீழே ஆடியது, கதவில் கார்டைக் காட்டக் குனிய வேண்டியதில்லை என்று லிப்ட்காரர் கிண்டல் செய்தார். பிறகுதான் ஊசியைச் சின்னதாக மாற்றி, ஒரு கண்ணி இந்தப் பக்கம் ஒரு கண்ணி அந்தப் பக்கம் என்று நெருக்கிப் பின்ன, சொன்னபடி கேட்டது. கழுத்துப் புண்ணும் ஆறியது.

அதைப் பார்த்து லிப்ட்காரர் தனக்கொன்று கேட்டார், சதுரங்கக் கட்டம் வேண்டுமாம். டீ மெஷின் பார்க்கும் பெண்ணுக்கு, மெஷினில் சிக்கினால் பட்டென்று விட்டுவிடும்படி பின்கழுத்தில் ஒரு அழுத்துப் பொத்தான். தரைத்தளக் கழிவறை பார்க்கும் அம்மாவுக்குச் சாவிக்குத் தனிக் கொக்கி, நிறம் மட்டும் அவரே தேர்ந்தெடுத்தார், ஆரஞ்சில் கறுப்பு வளைவு. “எம் புருஷன்கூட எனக்குன்னு கேட்டு ஒரு கலர் வாங்கினதில்லண்ணே” என்றார். அப்புறம் கணக்குப் பிரிவு மேடம் கேட்டார், அவரைப் பார்த்து அவர் மாடியே கேட்டது. ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன், ஆளைப் பார்ப்பேன், எப்படி நடக்கிறார், எதைத் தூக்குகிறார் என்று பார்ப்பேன், மனசில் கோடும் கட்டமும் தானாக வரும். சில மாதத்தில் கட்டடத்தில் பாதிப் பேர் கழுத்தில் என் நாடா. யார் நீலம், யார் சாம்பல் என்று தூரத்திலிருந்து தெரியாமல் போயிற்று. மாடிப்படிக்கு அடியில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்ட ஒப்பந்த ஆட்கள் ஒவ்வொருவராகச் சாப்பாட்டு அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், யாரும் தடுக்கவில்லை. நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை, சத்தியமாக எனக்கு அது தோன்றவேயில்லை.

போன வாரம் வந்தது வினை. புதிதாக வந்திருக்கும் நிர்வாக அதிகாரியை நாங்கள் இஸ்திரி என்போம், அவர் சட்டையில் மடிப்புக் கலைந்து யாரும் பார்த்ததில்லை. காலையில் சீருடை மாற்றுவதற்கு முன்னால், நல்ல புடவையில், ஆரஞ்சு நாடாவோடு அந்தக் கழிவறை அம்மா லிப்டில் நின்றிருக்கிறார், மேலே ஸ்டோரில் பினாயில் வாங்க. இஸ்திரி ஓடிவந்து, “மேடம், ஒரு செகண்ட் பிடிங்க” என்று ஏறி, தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் என்றெண்ணி, மேல்மாடி போய்ச் சேரும்வரை தன் அருமை பெருமைகளைச் சொல்லியிருக்கிறார், கதவையும் பிடித்து வழிவிட்டிருக்கிறார். “நீங்க எந்த டிப்பார்ட்மென்ட் பாக்கறீங்க” என்று கேட்டதற்கு, “கீழ ஆம்பளை டாய்லெட் சார், உங்களைத் தினமும் பாக்கறேனே” என்றிருக்கிறார் அந்த அம்மா, பாவம், வெள்ளந்தியாகத்தான் சொன்னார். லிப்ட்காரர் சும்மா இருப்பாரா, மத்தியானத்துக்குள் கட்டடமே சிரித்தது, நானும் சிரித்தேன்.

மறுநாள் உத்தரவு வந்தது. கம்பெனி நாடா மட்டும்தான், நீலம் நீலம், சாம்பல் சாம்பல். திங்கட்கிழமை காலை வாசலில் ஒரு அட்டைப்பெட்டி வைக்கப்படும், வருகிறவர்களின் பின்னல் நாடாவைக் கழற்றி வாங்கிப் பெட்டியில் போட வேண்டியது வாட்ச்மேன். பின்னியவன் கையாலேயே. ஏஜென்சி சூப்பர்வைசர் வந்து, “வேலை வேணும்னா பெட்டியப் பிடிங்க, இல்லன்னா சட்டையக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க” என்றார். உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய், “அப்பா, அதெல்லாம் பாதுகாப்பு விஷயம், நீங்களே செக்யூரிட்டி, உங்களுக்குத் தெரியாதா” என்றாய். தெரியும், நான் பார்ப்பது கார்டில் இருக்கும் முகத்தை, முகம் நாடாவில் இல்லை. “எங்க ஆபீஸ்லயும் கலர் இருக்குப்பா, யாரும் தப்பா எடுத்துக்கல” என்றாய். யாரும் என்றால் எந்தக் கலர் ஆட்கள்? அவர்களிடம் ஒரு தரம் கேட்டிருக்கிறாயா? அம்மாவும் உன் கட்சிதான், “சம்பளம் குடுக்கறவன் கயிறும் குடுக்கறான், மாட்டிக்கிட்டுப் போனா என்ன குறைஞ்சிடுவீங்க” என்கிறாள். பயத்தில் பேசுகிறாள், அது எனக்குப் புரிகிறது. வெள்ளிக்கிழமை மாலை போகும்போது அந்தக் கழிவறை அம்மா என்னிடம், “நானே கழட்டிக் குடுத்திடறேண்ணே, நீங்க கை வெச்சுக் கழட்ட வேண்டாம், உங்களுக்குச் சங்கடம்” என்றார். அவர் மறுபடி படிக்கு அடியில் போய் உட்காருவார், தட்டு மடியில் இருக்கும், அதற்குப் பெட்டி பிடித்தது நானாக இருப்பேன்.

அதனால் நாளைக்குப் பெட்டி வைத்த இடத்தில் கிடக்கும், நான் தொட மாட்டேன், என் நாடாவும் என் கழுத்திலேயே இருக்கும். சாயங்காலத்துக்குள் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இதனால் கலர் ஒழிந்துவிடும் என்று கனவும் காணவில்லை, வேறொருவர் பெட்டியைப் பிடிப்பார். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், என் சீருடைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள், தேய்க்கிற சத்தம் இங்கே கேட்கிறது.

நீ நன்றாக இரு, எந்தக் குறையும் வராது உனக்கு. நாற்காலியில் முதுகை ஒட்டி உட்கார், தண்ணீர் குடி, பல் வலித்தால் அம்மாவைப் போலத் தள்ளிப்போடாதே. பணம் அனுப்புகிறேன் என்று கிளம்பாதே, வேறு வாசல் பார்த்துக்கொள்வேன். போனை வைக்கும் முன் நீ ஒன்று சொன்னாய், அதுதான் மூன்று நாளாக என்னை நடக்கவைக்கிறது. “வேலை போனாலும் பரவாயில்லப்பா, எல்லார்கிட்டயும் ரிட்டயர் ஆயிட்டாருன்னு சொல்லிக்கலாம்” என்றாய். சொல்லக் கூடாது. எங்கப்பா வாட்ச்மேன், கூட வேலை செய்கிறவர்கள் கழுத்திலிருந்து நாடாவைக் கழற்ற மாட்டேன் என்றார், வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். முதலில் உன் பக்கத்து மேசைக்காரரிடம் சொல். சொல்வாயா மாட்டாயா, அதை மட்டும் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா