விருந்தாளிப் பணம்

அண்ணாச்சி,

கோடை வந்தால் என் ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இன்று காலை அவற்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் கொடுத்த பர்மாச் சான்றிதழ் கையில் வந்தது.

ரேடியோ ரிப்பேர் செய்கிறவனுக்கு எதற்கு இந்தப் பைத்தியம் என்று கோவில்பட்டியில் சிரிக்காதவர்கள் இல்லை. சீனா, கியூபா, பர்மா என்று சில நாடுகள், வந்து போகிறவர்களுக்காகவே தனியாக அச்சடித்த அந்நியச் செலாவணிச் சான்றிதழ்களைத்தான் நான் சேர்த்தேன். "விருந்தாளிக்குத் தனி இலை போடுத மாதிரி தனி ரூவாயா, வே?" என்று கேட்டீர்கள். பிறகு உளுந்து வாங்க ரங்கூன் போனபோது, எனக்கு ஒன்று கொண்டுவருவதாக நீங்களே சொன்னீர்கள்.

விமான நிலையத்தில் டாலரை வாங்கிக்கொண்டு சான்றிதழ்களைக் கொடுத்தார்களாம். விடுதிக்கும் வண்டிக்கும் எல்லாம் கரைந்தது. எனக்கென்று எடுத்துவைத்ததையும் கடைசி நாள் பசி தாங்காமல் ஒரு சாப்பாட்டுக் கடையில் நீட்டிவிட்டீர்கள். கடைக்காரி செல்வி பர்மாவிலேயே பிறந்தவள்; நம் விளாத்திகுளம் பக்கத்து நாகலாபுரத்தைப் பார்த்தே இராத நாகலாபுரத்துக்காரி. உங்கள் பேச்சைக் கேட்டதும் அதைத் திருப்பி உங்கள் பையிலேயே வைத்தாள்.

"தாத்தா ஊர்லருந்து வந்திருக்கீய. ஒங்கள்ட்ட துட்டு வாங்குவனா? அடுத்த தடவ வரும்போது நம்மூரு மிளகா வத்தல் கொண்டாங்க, போதும்."

இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். ஆனால் வியாபாரம் நொடித்து, மறுபடி போக வாய்க்கவில்லை. விளாத்திகுளத்து வத்தல் சந்தைக்கு வரும்போதெல்லாம் அவள் பேச்சுத்தான். மதுரை ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் எந்திரிக்காட்டா நீரு போயிட்டு வாரும், வே" என்றீர்கள். நீங்கள் எழுந்திருக்கவில்லை.

மதுரையைத் தாண்டாத நான் பாஸ்போர்ட் எடுத்தேன். அந்தச் சான்றிதழ்களை அதற்குள் ஒழித்துவிட்டிருந்தார்கள். கடை மட்டும் நீங்கள் சொன்ன தெருவிலேயே இருந்தது. நரைத்துப்போயிருந்த செல்வி வத்தல் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து, தும்மி, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பிறகு என் பின்னால் வாசலைப் பார்த்தாள்.

"அவிய வரலியா?"

வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்திருந்தேன், அண்ணாச்சி. அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் வேறு எதையோ சொன்னது.

"அடுத்த தடவ வருவாவ."

"வரும்போது முன்னாடியே சொல்லச் சொல்லுங்க. கருவாட்டுக் குழம்பு வச்சிருதேன்."

உங்களுக்குக் கொள்ளி வைத்த இடத்தில் நின்றவன் நான். ஆனாலும் கருவாட்டு வாசம் மூக்கில் பட்டால், ரங்கூனில் ஒருத்தி உங்களுக்காக அடுப்பு மூட்டக் காத்திருப்பதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.