ஏணி உன் பங்கு, பல்லி என் பங்கு

இன்று காலை கடையில் பழைய மர அலமாரிகளைக் கழற்றினார்கள். கண்ணாடி அலமாரி வரப்போகிறதாம். மூன்றாவது வரிசையைச் சுவரிலிருந்து நகர்த்தியதும் பின்னாலிருந்து ஒரு மயிலிறகு விழுந்தது. ஓரமெல்லாம் உதிர்ந்து, ஒட்டடை படிந்து, நடுவில் கண் மட்டும் இன்னும் நீலமாக இருந்தது. தச்சு வேலைக்கு வந்தவர் அதைக் குப்பையோடு தள்ளப் போனார். "அதத் தொடாதீங்கண்ணா!" என்று நான் போட்ட சத்தத்தில் புடவை பார்த்துக்கொண்டிருந்த கல்யாண வீட்டார் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நீ செருகி வைத்த இறகு அது. மயிலிறகு இருக்கும் இடத்துக்குப் பல்லி வராது என்று யாரோ சொன்னதை நம்பி, இந்தப் பட்டுக்கடை முழுக்க எத்தனை இறகு செருகினாய்! முட்டை ஓடு வைத்தால் இன்னும் நல்லது என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் டிபன் பாக்ஸில் நாலு ஓடு கொண்டுவந்தாய். வெங்காயம்கூடத் தொடாத முதலாளியின் கடையில், முகூர்த்தப் புடவைக்கு நடுவில் முட்டை ஓடா என்று நான்தான் பிடுங்கி வெளியே போட்டேன். முதலாளியோ மயிலிறகுகளைப் பார்த்துவிட்டு, உன்னைப் பெரிய முருக பக்தை என்று கடைசி வரை நம்பிக்கொண்டிருந்தார்.

கோபித்துக்கொள்ளாதே, இந்தக் கடிதத்தில் பல்லி என்று பலமுறை எழுத வேண்டியிருக்கிறது. நீ ஒரு தடவைகூட அந்தப் பெயரைச் சொன்னதில்லை. "அது" என்பாய். "மேல அது இருக்குதுடி" என்று நீ சொல்லும்போது உன் கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரியும்.

நீ வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் கடையில் எல்லோருக்கும் நீதான் விளையாட்டுப் பொருள். முதுகில் ஒரு நூலைப் போட்டால் போதும், துள்ளுவாய். எனக்கு அது போதவில்லை. கோயில் வாசல் கடையில் ஒரு ரப்பர் பல்லி வாங்கி வந்து உன் கைப்பையில் போட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் பையைத் திறந்தாய். நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்திருப்பேன். மூச்சே வராமல் பையை வீசிவிட்டு, பக்கத்தில் சாய்த்திருந்த ஏணியில் கிடுகிடுவென்று உச்சிக்கு ஏறிவிட்டாய். மேல் தட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வெலவெலத்துப் போய் நின்றாய். "ரப்பர்டி, வெறும் ரப்பர்!" என்று நான் கீழிருந்து அதைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். அறிவு கெட்டவள் நான். காட்டக் காட்ட நீ இன்னும் ஒடுங்கினாய்.

"எடுத்துக்கினு போடி அத!"

ஓடிப்போய்த் தெருவில் எறிந்துவிட்டு வந்தேன். "போட்டுட்டேன். எறங்கு."

"காலு வர மாட்டேங்குது. நீ ஏறி வந்து கையப் புடி."

ஏணியைப் பிடித்தேன். மூன்றாவது படியில் நின்றுவிட்டேன். உள்ளங்கை வழுக்கியது. தரை என்னைக் கூப்பிட்டு இழுப்பது போல இருந்தது. அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ளது. மேல் தட்டுப் புடவை எடுக்கச் சொன்னால் இடுப்பு வலி என்று சொல்லி மூன்று வருடம் ஓட்டியிருந்தேன். கடையில் ஒருத்தருக்கும் தெரியாது.

"இன்னாடி நின்னுட்ட?"

"என்னால ஏற முடியாதுமா. எனக்கு ஒசரம்னா பயம்."

மேலே நீ, கீழே நான். கண்ணைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாய். "அப்போ இடுப்பு வலி?"

"பொய்."

அழுதுகொண்டே சிரிக்க ஆரம்பித்தாய். சிரிப்பு வந்ததும் காலும் வந்தது. இறங்கி வந்து முதல் வேலையாக என் கன்னத்தில் ஓர் அறை விட்டாய். அப்புறம் உன் புளிசாதத்தில் பாதியை என் தட்டில் வைத்தாய். "இனிமே ஏணி என் பங்கு. அது உன் பங்கு. யார்கிட்டயும் சொல்லிக்கினு திரியாத" என்றாய்.

பதினோரு வருடம் அப்படித்தான் ஓடியது. காலையில் நான் முதலில் உள்ளே போவேன். துடைப்பக் கட்டையால் ஒவ்வொரு டியூப் லைட்டையும் தட்டுவேன், கை தட்டுவேன், அலமாரிக்குப் பின்னால் குனிந்து பார்ப்பேன். நீ செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டு, "கதவுக்குப் பின்னால பாத்தியா?" என்பாய். பார்த்துவிட்டேன் என்றாலும் இன்னொரு தடவை பார்க்கச் சொல்வாய். பிறகு நாள் முழுக்க என் வாடிக்கையாளர் மேல் தட்டைக் காட்டும்போதெல்லாம், நான் கூப்பிடாமலேயே எங்கிருந்தோ வந்து ஏணியில் ஏறியிருப்பாய்.

"இத்தனூண்டு பல்லி உன்னை என்ன செய்யும்?" என்று உன்னிடம் கேட்காதவர்கள் கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில் வைத்திருந்தாய். "ஒண்ணும் பண்ணாதுன்னு தலைக்குத் தெரியுது. உடம்புக்குத் தெரியலையே." எனக்கும் சேர்த்துத்தான் அதைச் சொன்னாய் என்று நினைத்துக்கொள்வேன். நாம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் அந்தக் கேள்வி கேட்டதே இல்லை.

பிறகு அந்த ஆடி மாதம். காலையில் உனக்காக லைட்டைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒன்று பொத்தென்று என் உச்சந்தலையில் விழுந்தது. உதறிவிட்டேன். பல்லி எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் தலை. காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் பல்லி விழும் பலன் பார்த்தேன். தலைக்கு நேரே கலகம் என்று போட்டிருந்தது. எங்கள் தெருவில் தலை என்றால் சாவு என்றுதான் சொல்வார்கள். சிரித்துக்கொண்டே சுற்றி வந்தேனே தவிர, மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பரிகாரத்துக்கு எங்கெங்கிருந்தோ நம் ஊருக்கு வருகிறார்கள். நானோ சின்ன காஞ்சிபுரத்துக்காரி, வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு என் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். ஆனால் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் மேல்கூரையில் அல்லவா இருக்கின்றன! படியேறி நின்று கையைத் தூக்கித் தொட வேண்டும். பெருமாளைப் பார்க்க ஏறும் படிகளுக்கு இரண்டு பக்கமும் சுவர் உண்டு, சமாளித்துவிடுவேன். இந்தப் படியில் நின்றால் பக்கவாட்டில் தரை தெரியும். மூன்று தடவை போய்க் கீழேயே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

எப்படியோ கண்டுபிடித்துவிட்டாய். "நாளைக்குப் பர்மிஷன் போடு. நான் வரேன்" என்றாய்.

"நீயா?"

"வேற யாரு? ஏணி என் பங்குதான?"

அந்தப் பக்கமே போகாதவள் நீ. சேவித்துவிட்டுக் கூட்டமெல்லாம் பல்லி பார்க்கத் திரும்பும்போது நீ மட்டும் வந்த வழியே இறங்கிவிடுவாய். அன்றைக்கு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாய். உன் நகம் பதிந்த தடம் சாயங்காலம் வரை இருந்தது. படிக்கட்டுக்குக் கீழே கண்ணை இறுக மூடிக்கொண்டாய்.

"எங்க இருக்குது? வேணாம், சொல்லாத. எத்தன படின்னு மட்டும் சொல்லு."

நான் கீழிருந்து சொன்னேன். இன்னும் ஒரு படி. கையைத் தூக்கு. கொஞ்சம் இடப்பக்கம். பின்னால் வரிசையில் நின்றவர்கள், "சீக்கிரம்மா" என்றார்கள். "கண்ணு தெரியாத அம்மா போல" என்றார் ஒருவர். உன் விரல் பட்டது. பட்டதும் உன் உடம்பு முழுக்க ஓர் உலுக்கல். கையை எடுத்துவிடுவாய் என்று நினைத்தேன். தலையிலிருந்து வால் வரை தடவினாய். பிறகு பக்கத்தில் இருந்ததையும் தடவினாய்.

இறங்கி வந்தபோது ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. தங்கப் பல்லியைத் தொட்டவர்களைத் தொட்டால் போதும், தோஷம் போய்விடும் என்பது வழக்கம். நான் உன்னைத் தொடக் கை நீட்டினேன். அதற்குள் நீ உன் உள்ளங்கையை என் உச்சந்தலையில், அது விழுந்த அதே இடத்தில் வைத்து அழுத்தினாய்.

"போச்சுடி. உனக்கு ஒண்ணும் வராது" என்றாய்.

குழாயடியில் ஐந்து தடவை கை கழுவினாய். இரண்டு நாள் ஸ்பூனில் சாப்பிட்டாய்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. உனக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் நாலாவது மாடியில் உன்னைச் சேர்த்தார்கள். லிஃப்ட் நோயாளிகளுக்கு மட்டும். நடுவில் வெட்டவெளி விட்டுச் சுற்றிச் சுற்றி ஏறும் படிக்கட்டு. முதல் நாள் கஞ்சிக் கூஜாவோடு முதல் மாடித் திருப்பம் வரை ஏறி, கம்பி வழியாகக் கீழே பார்த்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இறங்கி வந்து உனக்குப் போன் செய்தேன். "பாக்குற நேரம் முடிஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டாங்கமா" என்றேன். "சரிமா" என்றாய். இரண்டாம் நாளும் அதே பொய்.

மூன்றாம் நாள் நீயே கூப்பிட்டாய். "கீழ வேப்ப மரத்தாண்ட நில்லு."

சக்கர நாற்காலியில் உன் வீட்டுக்காரர் தள்ளிக்கொண்டு வந்தார். பாதியாக இருந்தாய். கையில் ஊசி குத்திய இடமெல்லாம் கன்றிப்போயிருந்தது. நான் அழ ஆரம்பிப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "எதுக்குப் பொய்யி? இந்தத் தடவ பாக்குற நேரமா? இடுப்பு வலி நல்லா இருந்துச்சே." அவர் டீ வாங்கப் போனதும் என்னைக் கிட்டே இழுத்தாய். "மேல சுவத்துல அது ரெண்டு இருக்குதுடி. யாருகிட்டச் சொன்னாலும் சிரிக்கறாங்க. கண்ண மூடிக்கினே படுத்துக்கினு இருக்கறேன்."

"நாளைக்கு வந்து தொரத்தறேன்" என்றேன்.

"வா" என்றாய்.

மறுநாள் இரண்டாவது மாடி வரை ஏறினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, நீ அன்றைக்கு ஏறியது போலத்தான் ஏறினேன். கீழிருந்து வழி சொல்ல எனக்கு ஆளில்லை. தலை சுற்றி விழுந்த என்னை ஒரு நர்ஸ் பிடித்துக் கீழே கொண்டுவந்து விட்டாள். அதற்கு அடுத்த நாள் உன் வீட்டுக்காரர் போன் செய்தார்.

நீ எனக்காகப் பல்லியையே தொட்டாய். நான் உனக்காக நாலு மாடி ஏறவில்லை. தலைக்குத் தெரியுது, உடம்புக்குத் தெரியல என்று நீ என்னை விட்டுவிடுவாய் என்று தெரியும். எனக்குத்தான் என்னை அவ்வளவு சுலபமாக விட முடியவில்லை. இன்றும் மாடிப்படியைப் பார்த்தால் உள்ளங்கை வியர்க்கிறது. உடனே கை தானாக உச்சந்தலைக்குப் போகிறது. நீ அழுத்திய சூடு அங்கே இருப்பது போல இருக்கிறது. அந்த நேரம் மட்டும் பயம் கொஞ்சம் குறைகிறது.

சாயங்காலம் மயிலிறகைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்து ஓரிக்கைக்கு வந்தேன். பாலாற்றங்கரையில் உன்னை வைத்த இடம் சமதரை. இதற்கு ஒரு படிகூட ஏற வேண்டியதில்லை. உன் தலைமாட்டில் உன் வீட்டுக்காரர் சிமெண்டில் ஒரு சின்ன விளக்கு மாடம் கட்டியிருக்கிறார். அதற்குள்ளே, எண்ணெய்ப் பிசுக்குக்குப் பக்கத்தில், ஒன்று உட்கார்ந்திருந்தது.

கை தட்டினேன். நகரவில்லை. ஒரு குச்சியை எடுத்து மாடத்தின் விளிம்பில் தட்டினேன். ஓடி வெளியே வந்து, மணலில் இறங்கி, நாணல் பக்கம் போய் மறையும் வரை விடாமல் பின்னாலேயே போனேன். திரும்பி வந்து மாடத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். நீ கேட்பாய் என்று இன்னொரு தடவையும் பார்த்தேன். இறகை மாடத்தின் ஓரத்தில் ஆழமாகச் செருகி வைத்தேன்.

போய்டுச்சுடி. ஒண்ணும் இல்ல. கண்ணத் தொற.